ஜேசன்பாத் லைப்ரரிகளுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கேள்வி இது: "ஜாவா, பைத்தான், கோ என மூன்று மொழிகளில் எங்கள் சர்வீஸ்கள் ஓடுகின்றன. மூன்றுக்கும் ஒரே ஜேசன்பாத் குவெரிகளைத்தான் கொடுக்கிறோம். சில குவெரிகளுக்கு மட்டும் விடை வேறு வேறாக வருகிறது. கிடைக்கும் லைப்ரரிகளை எல்லாம் சோதித்து, நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுப் பட்டியல் தரச் சொல்கிறார் மேலாளர். எங்கிருந்து தொடங்குவது?"

பட்டியல் தயாரிக்கலாம், அது கஷ்டமே இல்லை. ஆனால் லைப்ரரிக்கு ஒரு சதவீதம் என்று போட்டு இறங்குவரிசையில் அடுக்கினால், முதலிடத்தில் நிற்பது உங்களுக்கு மிக ஆபத்தான லைப்ரரியாக இருக்கலாம். ஜேசன்பாத் என்பது, கீ, மதிப்பு என்ற ஜோடிகளாகத் தரவை எழுதும் ஜேசன் ஆவணத்திலிருந்து வேண்டிய பகுதியைக் கேட்டு எடுக்கும் குவெரி மொழி. சதவீதம் ஏன் ஏமாற்றும் என்று புரிய, இந்த மொழி எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஜேசன்பாத்தை 2007ல் ஸ்டெஃபான் கோஸ்னர் ஒரு கட்டுரையாக அறிமுகப்படுத்தினார். எக்ஸ்எம்எல் ஆவணங்களில் தேட எக்ஸ்பாத் என்ற மொழி செய்வதை ஜேசனுக்குச் செய்ய வேண்டும் என்பது நோக்கம். கூடவே ஜாவாஸ்கிரிப்டிலும் பிஎச்பியிலும் சிறிய நிரல்கள் கொடுத்தார். முறையான இலக்கணம் எதுவும் இல்லை. சில எடுத்துக்காட்டுகள், ஒரு குறியீட்டு அட்டவணை, அவ்வளவுதான். அது எளிமையாக இருந்ததால் வேகமாகப் பரவியது. ஒவ்வொரு மொழியிலும் யாரோ ஒருவர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, சொல்லாமல் விட்ட இடங்களைத் தன் ஊகத்தால் நிரப்பி ஒரு லைப்ரரி எழுதினார். முறையான வரையறை வந்தது 2024 பிப்ரவரியில், இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் வெளியிட்ட ஆர்எஃப்சி 9535 என்ற தர ஆவணம் மூலம். நடுவில் பதினேழு ஆண்டுகள். இன்று நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகளில் பல அந்த இடைவெளியில் பிறந்தவை.

அந்த ஊகங்கள் எங்கெல்லாம் பிரிந்தன என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன். `$.கடை.புத்தகம்[-1]` என்று கேட்டால் என்ன வர வேண்டும்? மூலக் கட்டுரை கடைசி உறுப்பை எடுக்க `[(@.length-1)]` என்ற வடிவத்தையும், `[-1:]` என்ற ஸ்லைஸ் (பட்டியலில் ஒரு துண்டை எடுக்கும்) வடிவத்தையும்தான் காட்டியது. வெறும் `[-1]` பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே ஒரு லைப்ரரி கடைசிப் புத்தகத்தைத் தந்தது, இன்னொன்று ஒன்றும் தரவில்லை, மற்றொன்று எரர் வீசியது. இப்போதைய வரையறைப்படி கடைசி உறுப்பு வர வேண்டும்.

அடுத்து ஃபில்டர், அதாவது நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பது. `$.புத்தகம்[?(@.தள்ளுபடி)]` என்பதற்குப் பொருள் "தள்ளுபடி என்ற கீ இருக்கும் புத்தகங்கள்" என்பதா, "தள்ளுபடியின் மதிப்பு உண்மை என்று கொள்ளத்தக்க புத்தகங்கள்" என்பதா? பழைய அணுகுமுறையில் ஃபில்டருக்குள் இருப்பதை அப்படியே அடியில் உள்ள நிரல்மொழியிடம் கொடுத்து ஓட்டினார்கள். அதனால் பொருள் அந்த மொழியின் கையில் போய்விட்டது. வெற்று அர்ரே (வரிசைப் பட்டியல்) ஜாவாஸ்கிரிப்டில் உண்மை, பிஎச்பியில் பொய். மதிப்பு 0 என்றால் இரண்டிலும் பொய். ஆர்எஃப்சி இதைத் தெளிவாக்கிவிட்டது: கீ இருந்தால் போதும், அதன் மதிப்பு 0 ஆக இருந்தாலும், மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் நல் (null) ஆக இருந்தாலும், அந்தப் புத்தகம் தேர்வாகும். பழைய லைப்ரரியை நம்பி எழுதிய குவெரியைப் புதிய லைப்ரரியில் ஓட்டினால் தள்ளுபடி 0 உள்ள புத்தகங்களும் சேர்ந்து வரும். எரர் எதுவும் வராது. அறிக்கையில் எண் மட்டும் மாறும்.

இன்னும் நுட்பமான ஒன்று: `$.புத்தகம்[?@.விலை == @.பழையவிலை]`. இரண்டு கீயுமே இல்லாத புத்தகம் என்ன ஆகும்? வரையறைப்படி இல்லாததும் இல்லாததும் சமம், அதனால் அந்தப் புத்தகமும் விடையில் வரும். இது பலருக்கு வியப்பாக இருக்கும். எனக்கும் இந்த முடிவு அவ்வளவு பிடித்ததில்லை. ஆனால் எழுதி வைத்துவிட்டார்கள், அதுதான் இப்போது சரியான விடை.

ஆக, மதிப்பெண் போடும் முன் முதலில் முடிவு செய்ய வேண்டியது: எதை வைத்துத் திருத்துகிறோம்? வரையறை வருவதற்கு முன், கிறிஸ்டோஃப் பர்க்மர் ஒரு ஒப்பீட்டுத் திட்டம் நடத்தினார். டஜன் கணக்கான லைப்ரரிகளிடம் ஒரே குவெரிகளைக் கொடுத்து, எது என்ன விடை சொல்கிறது என்று பெரிய அட்டவணை போட்டார். விடைத்தாள் இல்லாத நிலையில் அவர் பெரும்பான்மையைப் பார்த்தார். பெரும்பாலானவை ஒரே விடை சொன்னால் அதை ஒருமித்த கருத்தாகக் குறித்தார், பிரிந்து நின்றால் ஒருமித்த கருத்து இல்லை என்றே காட்டினார். இந்தத் துறையில் செய்யப்பட்ட மிக நேர்மையான வேலைகளில் ஒன்று அது என்று நினைக்கிறேன். ஆர்எஃப்சியே அதை மேற்கோள் காட்டுகிறது.

ஆனால் பெரும்பான்மையை விடைத்தாளாக எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. லைப்ரரிகள் தனித்தனியாக யோசித்து ஒரே முடிவுக்கு வந்தவை அல்ல. பல லைப்ரரிகள் ஒரே மூல நிரலை வேறு மொழிக்கு மாற்றியவை. மூலத்தில் ஒரு பிழை இருந்தால், வழிவந்தவை அனைத்திலும் அதே பிழை இருக்கும். அப்போது ஒரு பிழைக்கு ஐந்து ஓட்டு விழும். எனவே இன்று நீங்கள் செய்யும் ஒப்பீட்டில் ஆர்எஃப்சி 9535தான் விடைத்தாள். பெரும்பான்மை என்ன சொல்கிறது என்பதை அட்டவணையில் தனி நெடுவரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய குவெரிகளை இடம் மாற்றும்போது எது உடையும் என்று கணிக்க அது உதவும், மதிப்பெண்ணுக்கு உதவாது.

விடைத்தாளோடு வினாத்தாளும் தயாராக இருக்கிறது. ஆர்எஃப்சிக்குத் துணையாக ஒரு பொதுவான இணக்கச் சோதனைத் தொகுப்பு உண்டு. அது ஒரே ஒரு ஜேசன் கோப்பு. ஒவ்வொரு சோதனையிலும் பெயர், குவெரி, ஆவணம், எதிர்பார்க்கும் விடை இருக்கும். செல்லாத குவெரி என்றால் விடைக்குப் பதில் "இதை நீ மறுக்க வேண்டும்" என்ற குறிப்பு இருக்கும். எந்த மொழியிலும் ஐம்பது வரி எழுதினால் ஓட்டிவிடலாம். முதலில் அதை ஓட்டுங்கள்.

சரி, ஓட்டிவிட்டீர்கள். இப்போதுதான் முக்கியமான இடம். ஒவ்வொரு சோதனைக்கும் தேர்ச்சி, தோல்வி என்று இரண்டே முடிவு வைத்தால், மிகத் தேவையான தகவல் அங்கேயே தொலைந்துவிடும். தோல்வி ஒரே மாதிரி இருப்பதில்லை. "இந்த வசதி என்னிடம் இல்லை" என்று லைப்ரரி எரர் கொடுப்பது ஒரு தோல்வி. தவறான விடையை அமைதியாகக் கொடுத்துவிட்டுப் போவது இன்னொரு தோல்வி. முதலாவதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவீர்கள். இரண்டாவது பல மாதம் கழித்து யாராவது கணக்கு உதைக்கிறது என்று சொல்லும்போதுதான் தெரியும்.

வைத்துக்கொள்வோம், நூறு சோதனை. முதல் லைப்ரரி 92 சரி, 8ல் எரர். இரண்டாவது 96 சரி, 4ல் தவறான விடை. சதவீதப் பட்டியலில் இரண்டாவதுதான் மேலே நிற்கும். நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஜேஇஇ மெயின் தேர்வில் சரியான விடைக்கு 4, எழுதாமல் விட்டதற்கு 0, தவறான விடைக்கு 1 கழிவு என்று வைத்திருப்பதில் உள்ள நியாயம் இங்கும் பொருந்தும். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரையும், ஊகித்துக் குறிப்பவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. லைப்ரரி விஷயத்தில் கழிவு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்பேன்.

எனவே முடிவுகளைக் குறைந்தது ஐந்தாகப் பிரித்துப் பதிவு செய்யுங்கள். சரியான விடை. வெளிப்படையான மறுப்பு. அமைதியான தவறு. மறுக்க வேண்டிய குவெரியை ஏற்றுக்கொண்டது. விழுந்தது அல்லது நேரம் தாண்டியது. நான்காவதைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் `$.புத்தகம்[01]` போன்ற செல்லாத குவெரியை ஒரு லைப்ரரி பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டால், உங்கள் குழுவில் யாரோ அப்படி எழுதிவிடுவார்கள். நாளை வேறு லைப்ரரிக்கு மாறும்போது அது உடையும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வட்டாரத்தில் ஸ்பார்க்கிள் போன்ற குவெரி மொழிகளின் செயலாக்க அறிக்கைகளுக்கு, சோதனை முடிவுகளைக் குறிக்கும் இயர்ல் என்ற சொல்தொகுதியைப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் ஐந்து முடிவுகள்தான்: தேறியது, தோற்றது, சொல்ல முடியவில்லை, பொருந்தாது, சோதிக்கவில்லை. பிரிவுகள் வேறு, ஆனால் இரண்டோடு நிறுத்தக் கூடாது என்ற அனுபவம் ஒன்றுதான்.

அடுத்து, விடைகளை ஒப்பிடும் விதம். இங்குதான் ஒப்பீடு செய்பவர்களே அநியாயமாகத் திருத்திவிடுவார்கள். வரையறைப்படி ஒரு குவெரியின் விடை எப்போதும் பட்டியல்தான். பூஜ்யமோ ஒன்றோ பலவோ முனைகள் (ஆவணத்துக்குள் உள்ள மதிப்புகள்) கொண்ட பட்டியல். ஆனால் ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ஜேவே லைப்ரரி, `$.கடை.பெயர்` போல ஒரே இடத்தைச் சுட்டும் குவெரிக்குப் பட்டியல் இல்லாமல் மதிப்பை மட்டும் தரும். அந்த இடம் இல்லையென்றால் எக்ஸப்ஷன் வீசும். இதைக் கண்டு எல்லாவற்றிலும் தோல்வி என்று போட்டால், அது குவெரி மொழிக்கான மதிப்பெண்ணாக இருக்காது. விடையைச் சுற்றிக் கொடுக்கும் காகிதத்துக்கான மதிப்பெண்ணாக இருக்கும். அந்த லைப்ரரியில் எப்போதும் பட்டியலாகக் கொடு, எக்ஸப்ஷனை அடக்கு என்றெல்லாம் அமைப்புகள் உண்டு. அவற்றைப் போட்டு ஓட்டி, என்ன அமைப்பில் ஓட்டினோம் என்பதை அட்டவணையிலேயே எழுதுங்கள். இயல்பு அமைப்பில் ஒரு வரிசை, இணக்க அமைப்பில் ஒரு வரிசை என்று ஒரே லைப்ரரி இரண்டு முறை வந்தாலும் தப்பில்லை. உங்கள் சர்வீஸ் இயல்பு அமைப்பில் ஓடினால் உங்களுக்கு வேண்டியது முதல் வரிசைதான்.

வரிசை ஒழுங்கு இன்னொரு பொறி. கீ-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பான ஜேசன் ஆப்ஜெக்டின் உறுப்புகளுக்கு வரிசை கிடையாது. `$.கடை.*` என்று கேட்டால் எந்த வரிசையில் வந்தாலும் சரிதான். அர்ரே அப்படி இல்லை. வரிசை மாறினால் தவறு. `..` போட்டு ஆழமாகத் தேடும்போது தாய் முனை குழந்தைக்கு முன் வர வேண்டும், அர்ரே உறுப்புகள் வரிசையில் வர வேண்டும், மற்றது எப்படியும் இருக்கலாம். எல்லாவற்றையும் அகரவரிசைப்படுத்தி ஒப்பிட்டால் அர்ரே வரிசையைக் குலைக்கும் லைப்ரரி தப்பித்துவிடும். எதையுமே வரிசைப்படுத்தாமல் ஒப்பிட்டால் நல்ல லைப்ரரி காரணமில்லாமல் தோற்கும். இணக்கச் சோதனைத் தொகுப்பு இப்படிப்பட்ட இடங்களில் ஏற்கத்தக்க விடைகளைப் பலவாகவே கொடுத்திருக்கிறது. நீங்கள் சொந்தமாகச் சேர்க்கும் சோதனைகளிலும் அதே முறையைப் பின்பற்றுங்கள். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் குழுவினர் எஸ்க்யூஎல் தரவுத்தளங்களை ஒப்பிட உருவாக்கிய எஸ்க்யூஎல் லாஜிக் டெஸ்ட்டிலும் இதே பிரச்சினைக்குத் தீர்வு உண்டு: ஒவ்வொரு குவெரிக்கும் விடையை வரிசைப்படுத்தாமல் ஒப்பிடலாமா, வரிகளை வரிசைப்படுத்தியா, மதிப்புகளைத் தனித்தனியாக வரிசைப்படுத்தியா என்று சோதனையிலேயே குறித்திருப்பார்கள்.

முடிந்தால் மதிப்புகளோடு பாதைகளையும் ஒப்பிடுங்கள். ஆவணத்தில் இரண்டு புத்தகங்களின் விலையும் 100 என்றால், தவறான புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த லைப்ரரியும் 100 என்றே சொல்லித் தேறிவிடும். `$['கடை']['புத்தகம்'][0]['விலை']` என்ற இயல்பாக்கிய பாதையைக் கேட்டால் குட்டு வெளிப்படும். பாதை தராத லைப்ரரி என்றால் சோதனை ஆவணத்தில் எந்த மதிப்பும் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியில் இருந்து ஜேசன் உரையைப் படித்துத் தரவாக மாற்றும் பார்சரையும் மறக்க வேண்டாம். 9007199254740993 என்ற எண்ணை ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான பார்சர் படித்தால் 9007199254740992 ஆகிவிடும். அது ஜேசன்பாத் லைப்ரரியின் குற்றமில்லை. ஆனால் உங்கள் தரவில் அப்படி நீளமான அடையாள எண்கள் இருந்தால், யாருடைய குற்றம் என்பதைவிட அது நடக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஆகவே தனிக் குறிப்பாக எழுதுங்கள், மொழி மதிப்பெண்ணில் கலக்க வேண்டாம்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் கட்டாயம் சேர்க்க வேண்டிய சோதனைகள் சில உண்டு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆர்எஃப்சியின்படி புள்ளிக்குப் பின் வரும் கீ ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. `$.கடை.புத்தகம்` முழுக்கச் செல்லுபடியாகும் குவெரி. ஆனால் பல லைப்ரரிகள் கீயைப் பிரித்தெடுக்க "சொல் எழுத்து" என்ற ரெகெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்தித் தேடும் குறியீடு) குறியை நம்புகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மூன்றை மட்டுமே ஏற்கும்; தமிழ்க் கீ முதல் எழுத்திலேயே எரர் ஆகும். அதுவாவது பரவாயில்லை. பைத்தானின் ரெகெக்ஸ் யூனிகோடு எழுத்துகளை ஏற்கும், ஆனால் உயிர்மெய்க் குறிகளையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் ஏற்காது, ஏனென்றால் யூனிகோடு அவற்றை எழுத்து என்ற வகையில் சேர்க்கவில்லை. `விலை` என்ற கீயில் `வ` வரை படித்துவிட்டு நின்றுவிடும். மீதியை எரர் என்று சொல்லும் லைப்ரரி நல்லது. மீதியைக் கண்டுகொள்ளாமல் `வ` என்ற கீயைத் தேடிப் போய், அது இல்லை என்று வெற்றுப் பட்டியல் தரும் லைப்ரரி இருந்தால் அதுதான் நான் மேலே சொன்ன அமைதியான தவறு.

அடுத்து நீளம். ஆர்எஃப்சியில் ஸ்ட்ரிங்கின் நீளத்தைச் சொல்லும் செயற்கூறு ஒன்று இருக்கிறது. அது யூனிகோடு குறியெண்களை எண்ணும். "தமிழ்" என்ற சொல்லுக்கு விடை 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் கண்ணால் எண்ணினால் 3. யூடிஎஃப்-8 பைட்டுகளில் எண்ணினால் 15. கோ மொழியில் ஸ்ட்ரிங்கின் நீளத்தை நேரடியாகக் கேட்டால் பைட்டுகளைத்தான் சொல்லும். லைப்ரரி எழுதியவர் கவனிக்காமல் அதையே பயன்படுத்தியிருந்தால் 15 வரும். ஆங்கிலச் சோதனை எதிலும் இது வெளியே தெரியாது, ஏனென்றால் அங்கே மூன்று கணக்கும் ஒன்றுதான். இந்த ஒரே சோதனை, லைப்ரரி எழுதியவர் எவ்வளவு கவனமானவர் என்பதை நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, ஒரே தோற்றமுள்ள இரண்டு கீகள். "கொடி" என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் உள்ளிடலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. யூனிகோடு இவற்றை இணையானவை என்று சொன்னாலும், ஆர்எஃப்சி 9535 எந்த இயல்பாக்கமும் (ஒரே வடிவத்துக்கு மாற்றுவது) செய்யக் கூடாது, குறியெண் வரிசை அச்சாக ஒன்றாக இருந்தால் மட்டுமே சமம் என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. ஆகவே இரண்டையும் வேறு வேறாக நடத்தும் லைப்ரரிதான் சரி. நல்ல எண்ணத்தில் இயல்பாக்கிப் பொருத்தும் லைப்ரரிக்கு மதிப்பெண் குறைய வேண்டும். உங்கள் தரவில் இரண்டு வடிவமும் கலந்திருந்தால், தரவை உள்ளே எடுக்கும் இடத்திலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். குவெரி மொழி அந்த வேலையைச் செய்யாது.

இனி எடை. இணக்கச் சோதனைத் தொகுப்பில் எந்த அம்சத்துக்கு எத்தனை சோதனை என்பது, அந்த அம்சம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டாது. எங்கெங்கே இடைவெளி விடலாம், எங்கே விடக் கூடாது என்பதற்கே ஏராளமான சோதனைகள் உண்டு. வரையறையைக் காப்பவர்களுக்கு அது தேவைதான். ஆனால் மொத்தத்தைக் கூட்டி வகுத்தால், அடைப்புக்குறிக்குள் இடைவெளியை ஏற்காத லைப்ரரியும் ஃபில்டரைத் தவறாகக் கணிக்கும் லைப்ரரியும் ஒரே மதிப்பெண்ணில் நிற்கும். அதனால் அம்சவாரியாகப் பிரியுங்கள்: கீ, இன்டெக்ஸ், ஸ்லைஸ், ஃபில்டர் இருப்பு, ஃபில்டர் ஒப்பீடு, செயற்கூறுகள், ஆழத் தேடல், செல்லாத இலக்கணம். ஒவ்வொன்றுக்கும் தனி எண்.

அப்புறம், உங்கள் சொந்த நிரல் களஞ்சியத்தில் தேடி இப்போது ஓடிக்கொண்டிருக்கும் குவெரிகள் அனைத்தையும் எடுங்கள். பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் வடிவத்தில் இருபது முப்பது வகைக்குள் அடங்கிவிடும். அந்த வகைகளுக்கு உண்மையான ஆவணங்களோடு விடைகளைக் கையால் சரிபார்த்து ஒரு தொகுப்பு செய்யுங்கள். கையால் என்று அழுத்திச் சொல்கிறேன். இப்போதைய லைப்ரரி தரும் விடையை அப்படியே விடைத்தாளாகப் பதிவு செய்தால், அதன் பிழைகளையும் சேர்த்து உறுதிப்படுத்தியதாக ஆகிவிடும். என் கணக்கில் இந்தச் சிறு தொகுப்பில் ஒரு அமைதியான தவறு வந்தாலும் அந்த லைப்ரரி வெளியே. பொதுத் தொகுப்பில் அது எவ்வளவு எடுத்திருந்தாலும் சரி.

இதேபோல் கதவிலேயே நிறுத்த வேண்டிய இன்னொன்று பாதுகாப்பு. ஃபில்டரை அடி மொழியிடம் கொடுத்து ஓட்டும் பழக்கம் விடைகளை மட்டும் மாற்றவில்லை. குவெரி வெளியாளிடமிருந்து வந்தால் அவர் உங்கள் சர்வரில் நிரல் ஓட்டவும் வழி திறந்தது. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட் உலகில் மிகப் பரவலான ஜேசன்பாத் பிளஸ் லைப்ரரியில் 2024ல் இப்படிப்பட்ட ஓட்டை ஒன்று பதிவானது, பின்னர் திருத்தப்பட்டது. ஆர்எஃப்சி தனக்கென்று முழுமையான ஃபில்டர் இலக்கணம் வகுத்ததற்கு இப்படிப்பட்ட ஆபத்து ஒரு முக்கியக் காரணம். இதற்கு மதிப்பெண் போட்டு மற்றவற்றோடு கூட்டாதீர்கள். ஆம், இல்லை என்ற ஒரு நெடுவரிசை போதும்.

ரெகெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பழைய லைப்ரரிகள் தத்தம் மொழியின் ரெகெக்ஸைக் கொடுத்தன. ஆர்எஃப்சி, ஆர்எஃப்சி 9485ல் வகுக்கப்பட்ட ஐ-ரெகெக்ஸ்ப் என்ற எளிய வடிவத்தை எடுத்துக்கொண்டது. முழுப் பொருத்தம், பகுதிப் பொருத்தம் இரண்டுக்கும் இரண்டு செயற்கூறுகள். நிறைய லைப்ரரிகள் தேறாத இடம் இது. உங்கள் குவெரிகளில் ரெகெக்ஸ் இல்லையென்றால் இதற்காக ஒரு நல்ல லைப்ரரியை ஒதுக்க வேண்டாம்.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரே பட்டியலில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 12ஆம் வெர்ஷனிலிருந்து தரும் ஜேசன்பாத், எஸ்க்யூஎல் 2016 தரத்தில் வகுக்கப்பட்ட வேறு மொழி. `$` என்று தொடங்குவதாலும் புள்ளி வைத்துப் பிரிப்பதாலும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அதன் இயல்பான தளர்வு முறையில் `$.புத்தகம்.விலை` என்று எழுதினாலே, புத்தகம் அர்ரேயாக இருந்தாலும், அதைத் தானாகப் பிரித்து ஒவ்வொரு விலையையும் தரும். ஆர்எஃப்சியில் அதே குவெரிக்கு விடை வெற்றுப் பட்டியல். இரண்டும் தத்தம் வரையறைப்படி சரி. எஸ்க்யூலைட்டில் கடைசி உறுப்புக்கு `$[#-1]` என்று எழுத வேண்டும். குபெர்னெட்டஸின் கட்டளைக் கருவி சுழற்சி வைக்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டு தனி வட்டார வழக்காகவே ஓடுகிறது. ரெகெக்ஸ் கிடையாது என்று அதன் ஆவணமே சொல்கிறது. இவற்றை ஆர்எஃப்சி விடைத்தாளால் திருத்தி 40 சதவீதம் என்று போடுவது நியாயமில்லை. இயர்ல் மொழியில் சொன்னால், "பொருந்தாது".

வேகம் கடைசியில்தான். அதிலும் இரண்டு லைப்ரரியும் சரியான விடை தந்த குவெரிகளில் மட்டும் ஒப்பிடுங்கள். வேலையின் பாதியை விட்டுவிடும் லைப்ரரி வேகமாக இருப்பதில் வியப்பில்லை. குவெரியைப் பகுத்துத் தயார் செய்யும் நேரத்தையும் ஆவணத்தில் ஓட்டும் நேரத்தையும் பிரித்து அளங்கள். ஒரே குவெரியை லட்சம் ஆவணங்களில் ஓட்டும் சர்வீஸுக்கு முதல் நேரம் பொருட்டே அல்ல. பயனர் ஒவ்வொரு முறையும் புதிய குவெரி தரும் இடத்தில் அதுவே பெரிய செலவு. `$..*..*` போல ஆழத் தேடலை அடுக்கிய குவெரி ஒன்றையும் நேர வரம்பு வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆழமான ஆவணத்தில் அதன் விடை ஆவணத்தைவிடப் பல மடங்கு பெருகும், எந்த லைப்ரரி மூச்சுத் திணறுகிறது என்று தெரியும்.

மேலாளரிடம் கொடுக்க ஒரே பக்கம் போதும். லைப்ரரி, வெர்ஷன் எண், ஓட்டிய அமைப்பு, சொந்தக் குவெரிகளில் அமைதியான தவறு எத்தனை, பாதுகாப்புக் கதவைத் தாண்டியதா, அம்சவாரியாகப் பொதுத் தொகுப்பின் முடிவு, அதில் மறுப்பும் தவறும் தனித்தனியாக, தமிழ்ச் சோதனைகள், வேகம். அவர் ஒரே எண்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால், அமைதியான தவறுகளின் எண்ணிக்கையைக் கொடுங்கள். குறைவாக இருப்பதே நல்லது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

மூன்று மொழிகளுக்கும் தேர்ந்தெடுத்த பின், அந்தச் சொந்தத் தொகுப்பை மூன்று சர்வீஸ்களின் பில்டிலும் சேர்த்துவிடுங்கள். லைப்ரரி வெர்ஷனை ஏற்றும்போதெல்லாம் அது ஓடட்டும். ஆர்எஃப்சி வந்த பிறகு பல லைப்ரரிகள் தங்கள் பழைய நடத்தையை மாற்றி வருகின்றன. சிறிய வெர்ஷன் மாற்றத்திலும் ஃபில்டரின் பொருள் மாறலாம். பிழை கண்டுபிடித்தால் குவெரி, ஆவணம், வர வேண்டிய விடை, ஆர்எஃப்சியில் எந்தப் பிரிவு என்ற நான்கையும் சேர்த்து லைப்ரரியைப் பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். தமிழ்க் கீ தொடர்பான பிழை என்றால் தவறாமல் அனுப்புங்கள், ஏனென்றால் அதை அவர்கள் பக்கத்திலிருந்து யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.